கொழுக்கி போட்டாச்சோ, சாமி?

கதிர்காமத்துக்கு நடந்து போய் முருகனை நேரே கண்டதாகச் சொல்லுகிற பலரை எனக்குத் தெரியும். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. கண்டிருக்கலாம். ஆனால் அந்த முருகனே குளிக்க வந்து வரிசையில் நின்றால், அவரையும் மிரட்டி உள்ளே அனுப்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் வாளிச்சாமி. மயிலை வேலியோரம் நிற்பாட்டச் சொல்லிவிட்டு, "ரெண்டு வாளிதான், மூண்டாவது கேக்கக்கூடாது" என்று சொல்லியிருப்பார். முருகனும் கேட்டிருக்கமாட்டார்.

சாமி என்றதும் தாடி வைத்த ஒருவரை நினைத்துவிடாதீர்கள். வாளிச்சாமி ஐம்பதைத் தாண்டிய பெண். பாதயாத்திரை தொடங்கிவிட்டால் ஆண், பெண், பள்ளிக்கூட அதிபர், கூலிக்காரர் எல்லாருமே சாமிதான். சொந்தப் பெயரை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். இத்தனை சாமிகளையும் பிரித்தறிவதற்காக, கையில் இருக்கும் பொருளோ கூட்டத்தில் சேர்ந்த ஊரோ பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர் வேல்சாமி. நான் முரசுமோட்டையில் கூட்டத்தோடு சேர்ந்தபடியால் முரசுமோட்டைச் சாமி. இவருடைய தலையில் எந்நேரமும் ஒரு நீல நிறப் பிளாஸ்ரிக் வாளி இருந்தது.

அந்த வாளிக்குள் திருநீறும் தேவாரப் புத்தகமும் இருக்கும் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். இறக்கி வைத்தபோது எட்டிப் பார்த்தேன். ஒரு சுத்தியல், ஒரு பிடி ஆணி, கதவுக் கொழுக்கிகள், சணல் கயிறு, பினாயில் போத்தல், தேங்காய்த் தும்பு. மாற்றிக் கட்டுகிற சேலை ஆகக் கீழே, இடம் கிடைத்தால் இருக்கட்டும் என்கிற மாதிரிக் கிடந்தது. வடக்கே சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமம் வரைக்கும் அத்தனை தூரத்தையும் இந்தச் சாமான்களைச் சுமந்துகொண்டு நடக்கிற பக்தையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவருடைய தாய்தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது, வளர்ந்தது, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டியது எல்லாம் கிளிநொச்சிப் பக்கம். ஆகவே சாதாரண நேரத்தில் எங்களைப் போலவே "வாங்கோ, இருங்கோ" என்று கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் தாயின் தமிழ் வந்துவிடும். அவர் "வாங்க" என்று கூப்பிட்டால் நாங்கள் எல்லாரும் ஓரடி பின்னால் போய்விடுவோம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் கணவருக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்தார்கள். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடி, "இந்த மனுசன் கண்ணை முழிச்சால் உன்னட்டை நடந்து வாறன், முருகா" என்று நேர்த்தி வைத்துவிட்டேன். மனுசன் கண்ணை முழித்தார். முழித்து, தேத்தண்ணி கேட்டார். நான் நேர்த்தியைச் சொன்னதும் சிரிக்கத் தொடங்கினார். தையல் பிரியப் போகுது என்று நேர்ஸ் வந்து ஏசும் வரைக்கும் சிரித்தார்.

"நீரோ நடக்கப் போறீர்? கலியாண வீட்டுக்குப் போனாலும் பொம்பிளையைப் பாக்க முன்னம் ரொய்லெற்றைப் பாக்கிற ஆளல்லோ நீர்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் சாமத்தியச் சடங்கு வீட்டில் பந்தி வைக்க முதல் எழும்பி வீட்டுக்கு ஓடிவந்தவள். அலுவலகத்திலும் காலையில் குடிக்கிற தேத்தண்ணியோடு சரி, மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்துதான். ஆனால் நேர்த்தி நேர்த்திதானே. ஒரு வைகாசி மாதம் வேல் எங்கள் ஊர் வீதியால் வந்தபோது, காவிச் சேலையோடும் ஒரு துணிப்பையோடும் போய்ச் சேர்ந்துகொண்டேன். மனுசன் வயல் வரம்பில் நின்று கையைக் காட்டினார். அந்த நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதே என்ற நன்றியில் எனக்கு அந்த நேரம் கண் கலங்கிவிட்டது.

அந்த நன்றி, முதல் மடத்து மலசலகூடத்தைக் காணும் வரைக்கும் குறையாமல் இருந்தது.

பெண்களுக்கென்று இரண்டு இருந்தன. ஒன்றுக்கு ஆமைப் பூட்டு. திறப்பு வைத்திருந்தவர் வவுனியாவுக்கு ஒரு அலுவலாகப் போய்விட்டாராம். மற்றதின் கதவில் கொழுக்கி இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் தகரம் அடித்த ஒரு குளிக்கும் அறை. அதற்குக் கதவு இருந்தது, ஆனால் சாத்தினால் திறந்துகொள்ளும், திறந்தால் சாத்திக்கொள்ளும், அதன் எண்ணம் என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. முன்னால் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். வேல் எழும்ப முதல் எல்லாரும் குளித்து முடிக்கவேண்டும். குளிக்காமல் பூசைக்கு நிற்கமுடியாது, வேலும் ஒருவருக்காகவும் காத்திருக்காது. மணி அடித்து வேலைத் தூக்கினால் அவ்வளவுதான். தலை துவட்டுகிறவர் துவட்டுகிறபடி ஓடவேண்டியதுதான்.

அந்த இடத்திலேயே நான் ஒரு முடிவு எடுத்தேன். தண்ணீர் குடித்தால்தானே இந்த வில்லங்கம் எல்லாம்? இனிக் குடிப்பதில்லை. எனக்கே என் புத்தியை மெச்சத் தோன்றியது.

அப்போதுதான் வாளிச்சாமி வந்தார். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் நியமிக்கவில்லை. வாளியை இறக்கினார், சுத்தியலை எடுத்தார், கதவில் புதுக் கொழுக்கியை வைத்து அடித்தார். தும்பையும் பினாயிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உரஞ்சிக் கழுவிவிட்டு வந்தார். தகரக் கதவுக்குச் சணல் கயிற்றால் ஒரு கட்டுப் போட்டார். பிறகு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் நீதிபதி மாதிரி இருந்துகொண்டு சட்டங்களை அறிவித்தார்.

"ஆளுக்கு ரெண்டு வாளி தண்ணி. உள்ளுக்குப் போனவுடன கொழுக்கியைப் போடுங்கோ. போட்டாச்செண்டு சொல்லுங்கோ. நான் ஒரு தேவாரம் படிப்பன். அது முடியிறதுக்கிடையில வெளிய வந்திடோணும்."

முதலாவது ஆள் உள்ளே போனார். வாளிச்சாமி கதவைப் பார்த்துக் கேட்டார்.

"கொழுக்கி போட்டாச்சோ, சாமி?"

"ஓம், போட்டாச்சு."

தேவாரம் தொடங்கியது. நல்ல குரல் என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து வயலில் நின்ற கொக்குகள் எழும்பின. அந்தளவு உறுதியான குரல்.

இரண்டொரு மடம் கடந்த பிறகுதான் அந்தத் தேவாரத்தின் மர்மம் எனக்குப் பிடிபட்டது. அது எல்லாருக்கும் ஒரே நீளம் இல்லை. எங்களோடு வந்த ஒரு சாமி, துணிப்பைக்குள் சம்போவும் வாசனைச் சவர்க்காரமும் முகத்துக்குப் பூசுகிற ஏதோவும் கொண்டுவந்திருந்தார். அவர் உள்ளே போனதும் தேவாரம் கடுகதி பஸ் மாதிரிப் போனது. ஒரு தரிப்பிடத்திலும் நிற்கவில்லை. நுரை பொங்கிக்கொண்டிருக்கும்போதே கதவில் தட்டு விழுந்தது.

"சாமி, முருகன் வந்து உங்கட தலையை மணந்து பாக்கப் போறேல்லை. வெளிய வாங்கோ."

அடுத்ததாக முழங்கால் வருத்தக்காரி ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். அதே தேவாரத்தை வாளிச்சாமி இழுத்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருமினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். முடிகிற மாதிரி வந்து, ஏதோ பிழைத்துவிட்டதென்று சொல்லி முதலில் இருந்து தொடங்கினார்.

மிச்ச நுரையைக் கழுவத் திரும்ப வந்து பின்னால் நின்ற சம்போச் சாமி பொறுக்கமுடியாமல் கேட்டார். "இந்தத் தேவாரம் இண்டைக்கு முடியாதோ?"

"ராகம் அப்பிடி, சாமி" என்றார் வாளிச்சாமி.

ஆண்கள் பக்கத்திலும் ஒருநாள் இவருடைய ஆட்சி நடந்தது. ஒரு மடத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி. மழை கண்டு கனகாலமான இடம், பவுசர் லொறி வந்து ஊற்றிவிட்டுப் போன தண்ணீர். ஆண் சாமிகள் வாய்க்காலில் இறங்கின மாடுகள் மாதிரி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக் குழாயில் காற்றுத்தான் வந்தது. வாளிச்சாமி தாங்கிக்கு அடியில் போய், ஆண்கள் பக்கம் போகிற குழாயைப் பூட்டிவிட்டு, அதன் மேலேயே குந்திக்கொண்டார்.

சிறிது நேரத்தில் உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "ஆரது? தண்ணி நிண்டிட்டுது! கண்ணுக்குள்ள சவர்க்காரம்!"

அது வேல்சாமியின் குரல். கூட்டத்துக்கே தலைவர். அதிகம் பேசாத, சிரிக்காத, எல்லாரும் எழும்பி நின்று கும்பிடுகிற மனிதர்.

"எத்தினை வாளி ஊத்தினீங்கள், சாமி?" என்று வாளிச்சாமி கேட்டார்.

"என்ன கேள்வி இது? எண்ணிப்போட்டோ குளிக்கிறது?"

"எண்ணேல்லை எண்டால் ரெண்டுக்கு மேல. பொம்பிளையள் முடியட்டும்."

உள்ளே இருந்து பரிதாபமாக ஒரு "அரோகரா" கேட்டது. அன்றைக்கு வேல்சாமி கண் சிவந்தபடிதான் பூசை செய்தார். பக்தியின் உச்சம் என்று ஊர்ச் சனம் விழுந்து கும்பிட்டது.

இப்படி எல்லாரையும் மேய்த்த வாளிச்சாமியின் கண்ணில் நான் மட்டும் அகப்படவில்லை. குளிக்கப் போவேன், தேவாரம் முடிய முதல் வந்துவிடுவேன். மற்ற அலுவலுக்குப் போவதே இல்லை. தாகசாந்திப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணியும் நீட்டும்போது உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். விரதமாக்கும் என்று சனம் மரியாதையாகப் பார்த்தது. நானும் அந்த மரியாதையை மறுக்கவில்லை.

புதுக்குடியிருப்புத் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் சோளகக் காற்று அனலாக அடித்தது. தார் வீதி காலடியில் இளகியது. முன்னால் போன சாமிகளின் காவி எல்லாம் ஒன்றாய்க் கலந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ஒரு பாலை மர நிழலில் கிடந்தேன். சுற்றிவர முகங்கள். வேல்சாமி வேலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இவாவால ஏலாது" என்றார். "முல்லைத்தீவில இருந்து காலமை பஸ்சில ஏத்தி வீட்டை அனுப்புங்கோ. வழியில ஏதும் நடந்தால் புருசனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுசனின் உயிரைக் கேட்டு வாங்கிவிட்டு, சொன்ன சொல்லை முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் போட்டுவிட்டுப் போவதா? "என்ர நேர்த்தி, சாமி, என்ர நேர்த்தி" என்று புலம்பினேன். வேல் காத்திருக்காது. வேல்சாமி திரும்பி நடந்தார், கூட்டமும் பின்னால் போனது. வாளிச்சாமி மட்டும் வாளியைக் கவிழ்த்து என் பக்கத்தில் இருந்தார்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?"

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

"கடைசியா எப்ப போனனீங்கள்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. எழும்பி, வீதியில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த சாமிகளுக்கும், ஒரு மோட்டச்சைக்கிளில் வந்த அந்நியருக்கும், பாலை மரத்துக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"இவாவுக்கு வருத்தம் ஒண்டுமில்லை! இவாவுக்குக் கக்கூஸ் வேணும்!"

மயக்கம் திரும்பவும் வரக்கூடாதா என்று நான் முருகனை வேண்டினேன். வரவில்லை.

எதிரே ஒரு புது வீடு. சீமெந்து மணம் இன்னும் போகாத வீட்டுத்திட்ட வீடு. வாசலில் மேசை போட்டு மோரும் அவித்த கடலையும் வைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஓடிவந்து எங்கள் காலைக் கழுவத் தண்ணீர் எடுத்தார்.

"என்ன வேணும், சாமி? சோறும் இருக்கு."

"சோறு வேண்டாம். உங்கட ரொய்லெற்றைத் தாங்கோ" என்றார் வாளிச்சாமி.

அந்த அம்மா திகைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது வந்து... வீடு இன்னும் பால் காய்ச்சிக் குடிபூரேல்லை. அடுத்த கிழமை நாள் வைச்சிருக்கிறம். ரொய்லெற்றும் கட்டினபடி இருக்கு, ஒருத்தரும் பாவிக்கேல்லை." ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன? நடந்து போற சாமியின்ர கால் முதல் படுறதெண்டால் எங்களுக்குப் புண்ணியமல்லோ! நில்லுங்கோ, கற்பூரம் கொளுத்திக்கொண்டு வாறன்."

"கற்பூரம் பிறகு. முதல் தண்ணி வருதோ பாருங்கோ."

வாளிச்சாமி கொழுக்கியை இரண்டுதரம் இழுத்துச் சோதித்தார். முகத்தில் அதுவரை நான் காணாத திருப்தி ஒன்று வந்தது. "பித்தளை" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். என்னை உள்ளே விட்டுக் கதவுக்கு வெளியே நின்றார்.

"கொழுக்கி போட்டாச்சோ, சாமி?"

"ஓம்."

தேவாரம் தொடங்கியது. முடிந்தது. நான் கதவில் விழப்போகிற தட்டுக்குக் காத்திருந்தேன். தட்டு விழவில்லை. தேவாரம் திரும்பத் தொடங்கியது. அது முடிந்து இன்னொருதரமும் தொடங்கியது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. வெள்ளையடித்த அந்தச் சின்னஞ்சிறு அறைக்குள், வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு முதல்தரமாக எனக்குப் பயம் இல்லை. சிரிக்காதீர்கள், அங்கே இருந்துதான் முருகனை மனம் ஒன்றிக் கும்பிட்டேன்.

வெளியே வந்து செம்பு செம்பாக மோர் குடித்தேன். வீட்டுக்கார அம்மா எங்கள் இருவரையும் விழுந்து கும்பிட்டார். அடுத்த கிழமை ஐயர் வந்து குடிபூரலைச் செய்திருப்பார். ஆனால் அந்த வீடு உண்மையில் எப்போது, எந்த வாசலால் குடிபூரப்பட்டது என்பது எங்கள் மூவருக்கும்தான் தெரியும்.

வேல் வெகுதூரம் போய்விட்டது. இரண்டுபேரும் தனியே நடந்தோம். நான் கேட்டேன்.

"சாமி, ஏன் கதவடியில தேவாரம் படிக்கிறனீங்கள்? மணிக்கூட்டைப் பாத்தாப் போதாதோ?"

வாளிச்சாமி வாளியைத் தலையில் சரிசெய்துகொண்டார். "சண்டை முடிஞ்ச கையோட வவுனியா முகாமில இருந்தனாங்கள். அங்க கக்கூசுக்குக் கதவில்லை. உரப்பைதான் தொங்கும். என்ர மகள் பெரிய பிள்ளையாகி ஒரு மாசம். ஒவ்வொரு முறையும் நான்தான் உரப்பையை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு வெளியில நிப்பன். பிள்ளை உள்ளுக்கிருந்து, 'அம்மா நிக்கிறீங்களோ, நிக்கிறீங்களோ' எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். எத்தினைதரம்தான் ஓம் ஓம் எண்டு சொல்லுறது? பாட்டுக் கேட்டால் அம்மா நிக்கிறா எண்டு தெரியும்தானே."

கொஞ்சத் தூரம் போய், "மகள் இப்ப?" என்றேன்.

"வவுனியாவில கட்டிக்கொண்டு இருக்கிறாள். ரெண்டு பிள்ளையள்." குரல் உயர்ந்தது. "வீட்டில கக்கூசும் ரெண்டு!"

"அப்ப உங்கட நேர்த்தி?"

"பிள்ளையைப் பத்திரமா வெளிய கொண்டு வந்தால் நடக்கிறன் எண்டு வைச்சது. அது முதல் வருசமே முடிஞ்சுது. ஆனால் வழியில பாத்தன், ஒரு கதவுக்கும் கொழுக்கியில்லை. பிறகு எப்பிடி வராம இருக்கிறது?"

அவருடைய பெயரைக் கேட்டேன். நடக்கும் வரைக்கும் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பொழுதுபட முதல் மடத்தை அடைந்தோம். வேல்சாமி முற்றத்தில் நின்றார். என்னைக் கண்டதும் ஆறுதலாகச் சொன்னார். "வந்திட்டீங்களோ? நல்லது. காலமை பஸ்சுக்கு ஆள் சொல்லியாச்சு."

வாளிச்சாமி வாளியை இறக்கினார்.

"வேல்சாமி, இங்க வாங்க" என்றார்.

முற்றத்தில் நின்ற எல்லாரும் ஓரடி பின்னால் போனோம். வேல்சாமியும் போனார்.

"இவங்க வெயில்ல விழல. கக்கூசுக்குப் பயந்து தண்ணி குடிக்காம விழுந்தாங்க. இவங்க ஒருத்தர்தான்னு நெனைக்கிறீங்களா? இந்தா நிக்கிறாங்களே பொம்பளைங்க, கேளுங்க. காலையில இருந்து ஒழுங்கா தண்ணி குடிச்சவங்க யாருன்னு கேளுங்க."

வேல்சாமி கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்தார்கள். சம்போச் சாமியும் குனிந்தார். முழங்கால் வருத்தக்காரியும் குனிந்தார். என்னுடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நான் மெச்சிக்கொண்டிருந்த புத்தி, அங்கே நின்ற முக்கால்வாசிப் பெண்களுக்கும் என்னைவிட முதலே வந்திருந்தது.

"இவ்வளவு பேருமோ?" என்று வேல்சாமி மெதுவாகக் கேட்டார். அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். "நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வேலக் கொஞ்சம் மெதுவாத் தூக்குங்க."

அவர் சுவரோரம் சாத்தி வைத்திருந்த வேலைத் திரும்பிப் பார்த்தார். பாவம், காலங்காலமாக ஒருவருக்காகவும் நிற்காத வேல். பிறகு, "முரசுமோட்டைச் சாமி திரும்ப விழுந்தால்?" என்றார்.

"விழுந்தா ரெண்டு பேரையும் பஸ்ல ஏத்துங்க."

எனக்காக அவர் தன்னுடைய யாத்திரையையே பணயம் வைத்துவிட்டார். நன்றி சொல்லப் போனேன். அவர் அதற்குள் கதவைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் முதல் ஒரு புது வழக்கம் வந்தது. பூசை முடிந்ததும் வேல்சாமி திரும்பி வாளிச்சாமியைப் பார்ப்பார். எல்லாரும் போய்வந்த பிறகு வாளிச்சாமி வாளியைத் தலையில் ஏற்றுவார். அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும், வேல் எழும்பும். புதிதாக வந்து சேர்ந்த சாமிகள் இதை ஏதோ பரம்பரைச் சடங்கு என்று நினைத்து, வாளி எழும்பும்போதே "அரோகரா" சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த தண்டனையும் சாதாரணமானதல்ல. பந்தலுக்குப் பந்தல் வாளிச்சாமியின் கண் முன்னால் தண்ணீர் குடிக்கவேண்டும். கொக்கிளாய் தாண்டியும், திருகோணமலை தாண்டியும், ஆயிரம் பேர் நடுவில் நான் கைகூப்பி நிற்கும்போது பின்னால் இருந்து குரல் வரும். "முரசுமோட்டைச் சாமி! போனனீங்களோ?" நானும் வெட்கத்தை விட்டு, "ஓம், போனனான்" என்று கத்தப் பழகினேன். மட்டக்களப்புப் பக்கம் போகும்போது, ஒருநாள் காலை வேல்சாமியே எனக்குப் பக்கத்தில் வந்து, திருநீறு தந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எல்லாம்... ஒழுங்கோ, சாமி?" என்று கேட்டார்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் விழவில்லை. காட்டைக் கடந்தேன், ஆற்றில் குளித்தேன், கதிர்காம முருகன் வாசலில் போய் நின்றேன். மனுசனின் நெஞ்சுக்காகக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிவிட்டேன்.

கொடியேற்றத்துக்கு வந்த சனத்துக்குள் வாளிச்சாமியைத் தவறவிட்டேன். ஊருக்குத் திரும்புகிற பஸ் வெளிக்கிட்ட பிறகு யன்னலால் ஒருதரம் கண்டேன். பொது மலசலகூடத்துக்கு முன்னால், நாட்டின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் வந்த பெண்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் வாளியின் மேல் ஏறி நின்று, வரிசைக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று யாரிடமோ கேட்டறிந்தார் போலும், "போலிம! போலிம!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அதுவாகத்தான் இருக்கும். எல்லாரும் வரிசையில் வந்தார்கள். நான் கூப்பிட்டேன். கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். ஐயர் வழக்கம்போல, "பேர், நட்சத்திரம்?" என்றார். மனுசனுடையதைச் சொன்னேன்.

"வேற?"

"வாளிச்சாமி."

ஐயர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது, ஐயா. பிள்ளையாருக்குத் தெரியும்."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்றப் பெயர்களுக்குச் சொல்லுகிற அதே மரியாதையோடு, "வாளிச்சாமி நாமதேயஸ்ய" என்று மந்திரத்தைத் தொடங்கினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான், என் பெயரைச் சொல்ல மறந்துபோனது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. அவருக்குச் செய்தால் எனக்கும் செய்த மாதிரித்தான்.